வெளியே நின்ற பெரிய கிராணி

தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதற பெரிய கிராணியார் ஒரு வீட்டுக்கு வந்தா, கூப்பிட்ட உடனே உள்ள வந்துட மாட்டாரு. வாசல்ல நின்னு கால் சப்பாத்தைத் தேய்ப்பாரு. செம்மண்ணு போயிடும், புல்லு போயிடும், அப்பவும் தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. உள்ள யார் யார் உக்காந்திருக்காங்க, எந்த நாற்காலி காலியா கிடக்கு, அதுல தனக்கு எதுன்னு அந்த நேரத்துல யோசிச்சு முடிச்சிடுவாரு. கூலிக்காரங்க லயத்து வீடா இருந்தா நடு நாற்காலி. மருந்து குடுக்கற டிரசர் வீடா இருந்தா சுவரோரம். துரை பங்களாவா இருந்தா உக்காரவே மாட்டாரு, நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. "எங்க நிக்கறோம்னு தெரிஞ்சு நிக்கணும் ஆயா"ம்பாரு. இதை யாருக்காவது சொல்லலேன்னா அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நான் தேயிலைத் தோட்டத்துல பிள்ளை பாத்தவ. அம்மாமாருங்க கொழுந்தெடுக்கப் போறப்ப பிள்ளைங்கள என் கொட்டாய்ல விட்டுட்டுப் போவாங்க. அதனால கிழவன்லேர்ந்து குஞ்சு குளுவான் வரைக்கும் எல்லாருக்கும் நான் ஆயாதான். கிராணியாருக்கும் ஆயாதான். ஆனா ஒரு காலத்துல அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவரு. நாங்க ஒரே லயம். அவங்க அம்மாவும் எங்க அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்தெடுத்தவங்க. மழையில நனைஞ்சுகிட்டு ஒரே சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு நாங்க பள்ளிக்கூடம் போயிருக்கோம். அவருக்குப் படிப்பு ஏறுச்சு, எனக்கு ஏறல. அவரு மலைக்குக் கீழ தாப்பா டவுனுக்குப் போய் இங்கிலீசு படிச்சுட்டு ஆபீசுக்கு வந்து உக்காந்தாரு.

அவரு வந்து உக்காந்த புதுசுல நான் ஆபீசு ஜன்னலுக்குப் போய், "அண்ணே, பிள்ளைங்களுக்குப் பால் மாவு இன்னும் வரலையே"ன்னு கேட்டேன். அவரு தலையைத் தூக்கல. காதுல விழலியாக்கும்னு மறுபடியும் "அண்ணே"ன்னேன். பக்கத்து மேசையில இருந்த சின்னக் கிராணி சிரிச்சுட்டான். இவரு பேனாவை மூடி வெச்சுட்டு, "இங்க யாரும் யாருக்கும் அண்ணன் இல்ல. கிராணியார்னு கூப்பிட்டுப் பழகு"ன்னாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அன்னியிலேர்ந்து கிராணியார்தான். அவங்க அம்மா செத்ததுக்கு மாரடிச்சு அழுதப்பகூட, "கிராணியாரே, இப்படிப் போயிட்டாங்களே"ன்னுதான் அழுதேன்.

இப்ப நான் சொல்ல வந்தது அந்த லாட்ஜ் கதை. எழுபதுகள்ல நடந்தது.

அப்பல்லாம் மேல இருந்த துரைமாருங்க, தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர், ரோட்டு இஞ்சினியர், திரிங்காப்புல காய்கறி போட்ட ஒரு சீன முதலாளி, தவுக்கேன்னுவோம், இவங்கள்லாம் மாசத்துல ஒரு தடவை கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு, கையில சின்னத் தோல் பெட்டியோட காடி ஏறி மலையிலேர்ந்து ஈப்போ டவுனுக்கு இறங்குவாங்க. மேசன் லாட்ஜுன்னு சொன்னாங்க. கொத்தனாருங்க சங்கமாக்கும்னு நான்கூட முதல்ல நினைச்சேன். இல்லையாம், பெரிய மனுசங்க சங்கமாம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள பூசை மாதிரி ஏதோ பண்ணுவாங்க, அதை வெளிய மூச்சு விடக் கூடாது. லயத்துல அதுக்குப் பேய் வீட்டுக் கூட்டம்னு பேரு. மண்டை ஓட்டை வெச்சுச் சத்தியம் பண்ணுவாங்க, கண்ணைக் கட்டி ஆட்டு மேல ஏத்தி உக்கார வெப்பாங்கன்னு கொழுந்துக்காட்டுல பொம்பளைங்க பேசிப் பேசிச் சிரிப்பாங்க. துரை அவ்வளவு குண்டு. ஆடு தாங்குமான்னுதான் எங்க கவலை.

மழைக்காலத்துல தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஒரு தடவை எல்லாரும் நடுவழியில மாட்டிக்கிட்டாங்க. அப்பதான் துரைக்கு யோசனை வந்துச்சாம், மலை மேலேயே நமக்குன்னு ஒரு லாட்ஜ் ஆரம்பிச்சா என்னன்னு. நினைச்சது துரை. வேலை அத்தனையும் கிராணியார் தலையில விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்றதே தப்பு, அவரா ஓடிப் போய் வாங்கித் தலையில வெச்சுக்கிட்டாரு. கோலாலம்பூருக்குக் காயிதம் எழுதறது, தச்சனைப் பிடிக்கறது, நாற்காலிக்கு மெத்தை தைக்கறது, எல்லாம் இவருதான். ஆபீசு வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிட்டு லாட்ஜ் வேலையைப் பகல்ல பாத்தாரு.

ஒரு நாளு என் கொட்டாய்க்கு வந்தாரு. அதிசயமா சப்பாத்தைத் தேய்க்காம நேரா உள்ள வந்தாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுது, ஏதோ கேக்க வந்திருக்காரு.

பேருதான் கொட்டாய், நான் பிள்ளை பாத்த இடம் கல்லுக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்துல எதுக்கோ கட்டினது. மூலையில நெருப்பு போடற அடுப்பு, மேல புகைக்கூண்டு. வெளிய மூடுபனி வந்து கண்ணை மறைச்சாலும் உள்ள கதகதன்னு இருக்கும். உத்தரத்துல வரிசையா இரும்புக் கொக்கி அடிச்சு, அதுல தூளி கட்டி, தூளிக்கு ஒரு பிள்ளை தூங்கும்.

அண்ணாந்து அதையெல்லாம் பாத்துட்டு, "இந்தக் கட்டடம் லாட்ஜுக்கு வேணும் ஆயா"ன்னாரு.

"பிள்ளைங்க?"

"பேக்டரிக்குப் பின்னால விறகுக் கொட்டாய் இருக்கில்ல? சுத்தம் பண்ணித் தர்றேன்."

"விறகுக் கொட்டாயா? சுத்தியும் தகரம், கீழ மண்ணுத் தரை. உங்க பிள்ளையா இருந்தா அங்க போடுவீங்களா?"

அவருக்குக் கோவம் வரல. அதுதான் ஆச்சரியம். சின்னப் பலகை ஒண்ணை இழுத்துப் போட்டு என் எதிர்ல உக்காந்தாரு. "கொஞ்ச நாளைக்குத்தான் ஆயா. நானும் உள்ள சேரப் போறேன். டாக்டரே என் பேரைச் சொல்றேன்னுட்டாரு. உள்ள போயிட்டா துரையும் ஒண்ணு, நானும் ஒண்ணு. அங்க எல்லாரும் எல்லாரையும் சகோதரர்னுதான் கூப்பிடணும், அது சட்டம். இத்தனை நாளா நான் நின்னுகிட்டுக் கேக்கறேன், துரை காதுல ஏற மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து கேட்டா ஏறும். முதல் பேச்சு உன் கொட்டாய்தான். செங்கல்லு வெச்சுப் புதுசா கட்டித் தரச் சொல்றேன்."

அப்படிச் சொல்றப்ப அவரு முகத்தைப் பாக்கணுமே! ஒரே சாக்குக்குள்ள நனைஞ்சுகிட்டு வந்த பையன் முகம் அது. நான் நம்பிட்டேன். துரை கேட்டா யாரு மாட்டேன்னு சொல்ல முடியும்னு நீங்க கேக்கலாம். அது சரிதான். ஆனா நாங்க லயத்து ஆளுங்க சத்தம் போடாம பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுப் போனது துரைக்குப் பயந்து இல்ல. நம்ம ஆளு ஒருத்தர் உள்ள போறாரேன்னு போனோம்.

அப்புறம் பாருங்க வேலையை. ஜன்னலுக்கெல்லாம் தடிப்பா நீலத் துணி. தரைக்குக் கறுப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா பலகை. நூல் பிடிச்சு, முட்டி போட்டுத் தவழ்ந்து தவழ்ந்து கிராணியார்தான் அதை நேராக்குனாரு. ஆபீசுல பேனாவைத் தவிர வேற எதையும் தூக்காத மனுசன்! கால்சட்டை முட்டியில சுண்ணாம்பு. ஒரு நாளு துரை வந்து பாத்துட்டு, மேல இருக்கே அந்தக் கொக்கியெல்லாம் என்னன்னு கேட்டிருக்காரு. விளக்கு மாட்டறதுக்குன்னு இவரு சொல்லிட்டாரு. கூட நின்ன ஆசாரி எங்கிட்ட வந்து சொன்னான். பிள்ளைங்க தூங்குன இடம்னு சொல்ல அவருக்கு அவ்வளவு கூச்சம்.

அந்த ஆசாரிதான் பெட்டியும் செஞ்சான். அதை எனக்குக் காட்டறதுக்காகவே கிராணியார் விறகுக் கொட்டாய் வரைக்கும் கொண்டாந்தாரு. நல்ல மரத்துல இழைச்ச பெட்டி. முன்னால கை நுழையற அளவுக்கு ஓட்டை. கூட ஒரு பையில மர உருண்டைங்க, பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

"புதுசா ஒருத்தர் சேரணும்னா இதுலதான் ஓட்டு"ன்னாரு. "ஒவ்வொருத்தரும் ஓட்டைக்குள்ள கையை விட்டு ஒரு உருண்டை போடணும். எது போட்டாங்கன்னு பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியாது. எல்லாம் வெள்ளையா விழுந்தா உள்ள. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு, வெளியதான்."

"அப்ப எதுக்குக் கறுப்பு செய்யச் சொன்னீங்க? வெள்ளையை மட்டும் செஞ்சு வெச்சிருந்தா வேலை முடிஞ்சுதுலா."

"பைத்தியமா உனக்கு? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறையாவது ஒண்ணாவது. ஆசாரிகிட்ட சொல்லி கறுப்பை அடுப்புல போடச் சொல்லுங்க. யாரு கேக்கப் போறா?"

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரு சிரிச்சு நான் பாத்தது கொஞ்சம்தான், அதுல இது ஒண்ணு. "எனக்கு எவன் கறுப்பு போடுவான் ஆயா? இந்தக் கட்டடத்துல என் கை படாத ஆணி ஒண்ணு காட்டு பாப்போம்"ன்னு சொல்லிக்கிட்டே பெட்டியை வேட்டித் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு.

திறப்பு விழாவுக்குக் கோலாலம்பூர்லேர்ந்து கழுத்துல சங்கிலி, பட்டைன்னு போட்டுக்கிட்டு பெரிய பெரிய ஆளுங்க வந்தாங்க. தானியம், எண்ணெய், ஒயின், உப்பு எல்லாம் வெச்சுப் பூசை பண்ணுவாங்களாம், நம்ம கும்பாபிஷேகம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஒயின் துரை பங்களாவுலேர்ந்து வந்துச்சு. மத்ததுக்குக் கிராணியார் என் வீட்டுக் கதவைத் தட்டினாரு. நல்லெண்ணெய் குடுத்தேன், உப்பு குடுத்தேன், ஒரு கிண்ணம் கோதுமையும் குடுத்தேன். அது உள்ள போச்சு. அவரு போகல. ஏற்கெனவே வேற லாட்ஜுல சேர்ந்திருக்கறவங்கதான் அன்னிக்கு உள்ள போகலாம்னுட்டாங்க. கறுப்புக் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காடியா கதவைத் திறந்து ஆளுங்களை வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டாரு. வாசல்ல அவங்க ஆளு ஒருத்தர் வாளோட காவல் நின்னாரு. இவரு அந்தக் காவல்காரருக்கும் வெளிய.

அடுத்த மாசம் இவரு பேரு ஓட்டுக்கு வந்துச்சு. அன்னிக்குப் புதுக் கோட்டு. அவரு பெண்சாதி முருகனுக்கு நேர்ந்துக்கிட்டாங்க. லயத்து ஆளுங்க நாங்களும் வேலை விட்டு வந்து தண்ணிக் குழாய்கிட்ட நின்னுகிட்டோம், ஏதோ நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை மாதிரி. கிராணியார் பின்பக்கம் சமையக்கட்டுல நின்னாரு. கதவு திறந்து டாக்டர் வந்தாரு. வந்தவர் இவரு தோள்ல கையைப் போட்டு ஏதோ சொன்னாரு. இவரு தலையை ஆட்டுனாரு. ஆட்டிட்டு, கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, விருந்துக்குக் கோழி வெந்துச்சான்னு குசினிக்காரன்கிட்ட கேட்டாரு.

ஒரு கறுப்பு. ஒண்ணே ஒண்ணு.

யாரு போட்டதுன்னு தெரியல, தெரியவும் தெரியாது. அதுதான் கொடுமை. திட்டறதுக்கு ஒரு மூஞ்சி வேணுமில்ல? துரைன்னு கொஞ்ச நாள் சொன்னோம், இஞ்சினியர்னு கொஞ்ச நாள் சொன்னோம். எனக்குப் பொறுக்கல, கிராணியார்கிட்ட நேராவே சொன்னேன். "விடுங்க கிராணியாரே, அவனுங்களும் ஆச்சு, அவனுங்க பேய் வீடும் ஆச்சு. சாவியைத் துரை மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வாங்க. நாங்க இருக்கோம்." அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே! "நீங்க இருந்து?"ன்னாரு. அவ்வளவுதான்.

சாவியை விட்டெறியல. மாசா மாசம் அவருதான் கதவைத் திறந்து, விளக்கைத் துடைச்சு, நாற்காலியைப் போட்டு வெச்சுட்டு வெளிய வருவாரு. பூசை பண்ணுன தரைன்னு அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்து மேல கால் வெக்க மாட்டாரு. ஓரமாவே நடப்பாரு. கூட்டம் நடக்கறப்ப குடையோட காடிங்க பக்கத்துல நிப்பாரு. மழையா இருந்தாலும் அங்கதான். ஒருத்தராவது அவரை உள்ள வந்து நில்லுங்கன்னு சொல்லணுமே! வந்து போறவங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் குடைக்குக் கீழ வெச்சுப் பாப்பாரு. இவனா, இவனான்னு தேடியிருப்பாரு போல. பாக்கற நமக்கே பாவமா இருக்கும், அப்புறம் எரிச்சலா வரும்.

என் கொட்டாய் என்னாச்சு? தகரத்துல பனி ஒழுகிப் பிள்ளைங்க நெஞ்சுல சளி கட்டுச்சு. அடுத்தடுத்து ரெண்டு பிள்ளைங்களைத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில போட்டோம். அம்மாமாருங்க பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டுக் கொழுந்துக்காட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில என் தம்பிதான் வந்தான். அவன் தோட்டத்து வேலையை விட்டுட்டுக் கியா பார்ம் காய்கறித் தோட்டத்துல கூலிக்குப் போயி, அப்புறம் திரிங்காப் பக்கம் ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தியும் ரோசாவும் போட்டு நல்லா வந்துட்டான். சொந்த லோரி. அந்த லோரியில பலகை ஏத்திக்கிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கிழமையில கொட்டாய்க்குத் தரை அடிச்சுக் குடுத்தான். காத்து வர்ற பக்கம் சுவரும் வெச்சான். கிராணியார் அந்தப் பக்கமா போனாரு. நின்னு பாத்துட்டு, "ஆபீசுல கேட்டுக்கிட்டுச் செய்யணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எண்பதுகள்ல பழைய துரை சீமைக்குப் போயிட்டாரு. இஞ்சினியரை மாத்திட்டாங்க. தோட்டத்துக்கு நம்ம நாட்டு மேனேஜர் வந்தாரு. லாட்ஜுல ஆளு குறைஞ்சு போச்சு. அப்ப மறுபடியும் கிராணியார் பேரு வந்துச்சு. இந்தத் தடவை எல்லாம் வெள்ளை. ஒரு வழியா உள்ள போயிட்டாரு!

தலைகால் புரியல அவருக்கு. வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டுப் போவாரு, மறுநாள் அவரு பெண்சாதி அதைத் துவைச்சு வேலியில காயப் போடுவாங்க. பத்து விரலும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். லயத்துப் பிள்ளைங்க அதுக்குக் கும்பிடு போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போகும். நான் ஒரு வாரம் பொறுத்தேன், ஒரு மாசம் பொறுத்தேன். அப்புறம் ஆபீசுக்கே போயிட்டேன்.

"கிராணியாரே, துரை பக்கத்துல உக்காந்தாச்சா?"

"மேனேஜர் பக்கத்துல. உக்காந்தாச்சு."

"கொட்டாயைப் பத்தி?"

அவரு குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "அங்க வேலை விஷயம் பேசக் கூடாது ஆயா. சொந்த லாபத்துக்கு எதையும் கேக்கக் கூடாது. அது சட்டம்."

"யாரு சொந்த லாபம்? பிள்ளைங்க நெஞ்சுச் சளி உங்க சொந்த லாபமா?"

"சத்தம் போடாதே. எங்க நிக்கறோம்னு பாத்துப் பேசு."

நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனா வெளிய ஒரு பிள்ளை கத்துச்சு, வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தேன். இத்தனை வருசம் ஒரு மனுசன் ஒரு கதவுக்கு வெளிய காத்துக்கிடந்து, உள்ள போனதும் வாயில துணியை அடைச்சுக்கிட்டான்னா, இதுக்கு எதுக்கு உள்ள போகணும்?

என் தம்பி கதை இங்கதான் வருது. லாட்ஜ் விருந்துக்கு அவன்தான் பூ கொண்டாந்து குடுப்பான். அவன் யாரையும் பயந்து பேசற ஆளு இல்ல. டாக்டருக்கு அவனைப் பிடிச்சுப் போச்சு, நீயும் சேருன்னுட்டாரு. "எனக்கு இதெல்லாம் எதுக்குக்கா"ன்னுதான் அவன் முதல்ல சொன்னான். ஆனா அந்தப் பக்கம் போகாதே, அந்தப் பக்கம் போகாதேன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்த பய. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தர் வான்னு கூப்பிட்டா ஆசை வராதா? வந்துடுச்சு. ஈப்போவுல கோட்டு தெச்சான். அதைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்கு வந்து, "எப்படிக்கா இருக்கேன்?"னு சுத்திச் சுத்திக் காட்டுனான்.

"கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ. உள்ள போயி நீயும் வாயில துணி அடைச்சுக்க."

"நான் பேசுவேன்க்கா. முதல் நாளே கொட்டாயைப் பத்திப் பேசறேன். மேனேஜர் அங்கதானே உக்காந்திருப்பாரு? பேசுனா என்ன, வெளிய தள்ளிடுவாங்களா? தள்ளட்டுமே."

எனக்கு மனசு குளுந்து போச்சு. இவன் செய்வான்னு தெரியும். பலகை அடிச்ச கையாச்சே.

ஓட்டு நடந்துச்சு. ஒரு கறுப்பு விழுந்துச்சு.

தம்பி என் வீட்டுக்குத்தான் வந்தான். கோட்டைக் கழட்டி முட்டி மேல மடிச்சு வெச்சுக்கிட்டு, "ஒண்ணே ஒண்ணாம்க்கா"ன்னான். பொண்டாட்டி வீட்டு ஆளுங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருந்தான். திரிங்காப்புல இருக்கற சீனன், தமிழன் எல்லாருக்கும் தெரியும். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவான்? அவன் அழல. அழுதிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் நேரா கிராணியார் வீட்டுக்குப் போனேன். சத்தியமா சொல்றேன், சண்டைக்குப் போகல. உள்ள இருக்கற நம்ம ஆளு அவரு ஒருத்தர்தானே, அவரை விட்டா யாரைக் கேப்பேன்? இந்த வலியை அவரும் பட்டவராச்சேன்னு போனேன். அவரு நாற்காலியில உக்காந்து, காஞ்ச கையுறையை எடுத்து விரல் விரலா நீவி மடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு பெண்சாதி என்னைப் பாத்ததும் டீ போட உள்ள போனாங்க.

"எந்தப் பாவி போட்டது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க"ன்னேன்.

"கண்டுபிடிக்க முடியாது ஆயா. அதுக்குத்தானே பெட்டி."

"உங்களுக்கு ஒரு சந்தேகம்கூடவா இல்ல? மேனேஜரா? தவுக்கேயா?"

"கேக்கக் கூடாது."

"சரி போங்க. நீங்க ஒருத்தராவது வெள்ளை போட்டீங்களே, அது போதும்."

பேச்சுக்குத்தான் சொன்னேன். அவரு கையுறையை மறுபடியும் பிரிச்சு மறுபடியும் மடிச்சாரு. குசினியில கரண்டி சத்தம் நின்னுடுச்சு. எனக்கு அப்பதான் உறைச்சுது.

"கிராணியாரே?"

"உன் தம்பி நல்ல பையன்தான்"ன்னாரு. "கெட்டவன்னு நான் சொல்லல."

"அட கடவுளே! நீங்களா?"

"எத்தனை வருசம் நான் மழையில நின்னேன்? உனக்குத் தெரியாதா? நீதானே பாத்தே? அவன் ரெண்டு பூவைக் குடுத்துட்டு நேரா உள்ள வந்து உக்காந்துடுவானா? கொஞ்சம் நிக்கட்டும். நின்னாத்தான் அதோட அருமை தெரியும். அப்புறம் நானே அவன் பேரைச் சொல்றேன்."

"உங்களை நிக்க வெச்சவன் எவன்னு தெரியாம இத்தனை நாள் வெந்தீங்களே. அந்த வேலையை நீங்களே செஞ்சுட்டு வந்து கையுறை மடிக்கறீங்களா? அவன் பிள்ளைங்களுக்காகப் பேசறேன்னு சொன்னவன்யா!"

அவரை நான் 'யா' போட்டுப் பேசுனது அது ஒரு தடவைதான். அவரு கோவிச்சுக்கல. முகம் சுருங்கிப் போச்சு. ரொம்ப மெதுவா, உள்ள இருக்கற பெண்சாதிக்குக்கூடக் கேக்கக் கூடாதுங்கற மாதிரி சொன்னாரு. "நான் லயத்துல பொறந்தவன்னு அங்க இருக்கற ஒருத்தருக்கும் தெரியாது ஆயா. அவன் வந்தான்னா, எல்லார் முன்னாலயும் என்னை அண்ணேம்பான்."

டீ வந்துச்சு. நான் குடிக்கல. எழுந்து வந்துட்டேன். ஒருத்தரை ஒருத்தர் சகோதரர்னு கூப்பிடற இடத்துக்காக ஆயுசுல பாதியைக் குடுத்த மனுசன் அவரு. கூடப் பொறந்த மாதிரி வளர்ந்த ஒரு பய வாயால அண்ணேன்னு வந்துடுமோன்னு இப்படிப் பயந்தாரு. இதை நினைச்சா இன்னிக்கும் எனக்குக் காறித் துப்பணும்னு வரும். துப்புனது இல்ல. சாக்குக்குள்ள நனைஞ்ச அந்தப் பையன் குறுக்க வந்துடுவான்.

என் வாயில எதுவும் நிக்காது. அன்னிக்குச் சாயங்காலமே தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் கேட்டுக்கிட்டான். கோட்டை எங்க வெச்சான், என்ன பண்ணுனான்னு நான் கேக்கல. அப்புறம் கிராணியார் எதிர்ல வந்தா லோரியை நிறுத்தாமப் போயிடுவான். லாட்ஜுக்குப் பூ குடுக்கறதையும் நிறுத்திட்டான். கிராணியார் மறுபடி அவன் பேரைச் சொல்லவும் இல்ல. எனக்குப் புதுக் கொட்டாயும் வரல. தம்பி அடிச்ச பலகைத் தரையிலேயே கடைசி வரைக்கும் பிள்ளை பாத்தேன்.

கிராணியார் வேலையை விட்டு நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால மாரடைப்புல போயிட்டாரு. நல்ல மழை நாளு. லயத்துல பாதி வீடு அப்பவே காலி. பிள்ளைங்க ஈப்போ, கிள்ளான்னு போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல பாதிப் பேரு அவரு மேல இருந்த கடுப்புல வேலைக்காட்டை விட்டு வரல. லாட்ஜுக்காரங்க வந்தாங்க. மறுக்க மாட்டேன், வந்தாங்க. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, பெரிய மாலை. சுடுகாட்டுக்கு இறங்கற வழி வெறும் களிமண்ணு, சறுக்கும். அதனால ரோட்டோரத்துல காடிங்க பக்கத்துலயே குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. அவரு மருமகன் கொள்ளிச்சட்டியோட முன்னால நடந்தாரு. பாடையைத் தூக்கறதுக்கு மூணு பேருதான் இருந்தாங்க. ஆளுக்கு ஆளு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்ப ஒரு லோரி வந்து நின்னுச்சு. தம்பி இறங்குனான். சப்பாத்தைக் கழட்டி லோரிக்குள்ள போட்டான், கால்சட்டையை முட்டி வரைக்கும் மடிச்சான், நேரா வந்து முன்பக்கத்து மூங்கிலைத் தோள்ல வாங்கிக்கிட்டான். யாரையும் பாக்கல. அந்தச் சரிவுல வழுக்கி வழுக்கி, கீழ வரைக்கும் மாத்தாம தூக்கிக்கிட்டுப் போனான்.

பொம்பளைங்க நாங்க திருப்பத்துல நின்னுட்டோம். திரும்பி வர்றப்ப அவன் தோள்ல மூங்கில் அழுத்துன இடம் சட்டை கிழிஞ்சு சிவந்து கிடந்துச்சு. எனக்குத் தாங்கல. கையைப் பிடிச்சு இழுத்து, "உனக்கு வெட்கமா இல்ல? அவரு உனக்குச் செஞ்சதை மறந்துட்டியா?"ன்னு கத்திட்டேன்.

அவன் மழைத் தண்ணியை முகத்துலேர்ந்து வழிச்சு விட்டான்.

"மறக்கலக்கா. ஆளு பத்தல."